20 டிகிரி கையேடும் 31 டிகிரி வீடும்: தோவாளையில் கையால் தேய்த்த ஒரு தொலைநோக்கி ஆடி

ஆடியின் விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். விட்டம் 150 மி.மீ., தடிமன் 19 மி.மீ., எடை ஏறக்குறைய 840 கிராம். கடைகளுக்கு முகப்பு போடுகிற சாதாரணத் தடிமன் கண்ணாடிதான். குவியத் தொலைவு 1,200 மி.மீ. வரவேண்டும் என்று திட்டம். கடைசியில் வந்தது 1,214. தேய்த்த இடம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில் தோவாளை, எங்கள் வீட்டுப் பின்கட்டு. ஒரு ஜூன் மாதம் தொடங்கி அடுத்த ஆண்டு மே மாதம் முடிந்தது.

இந்தப் பன்னிரண்டு மாதத்தில் கண்ணாடியில் கை வைத்த நேரத்தைக் கூட்டினால் 60 மணிநேரம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் காத்திருந்தது, தப்பு செய்தது, தப்பு எங்கே என்று தேடியது. எப்படித் தேய்ப்பது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். தேய்த்தது ஏன் கெட்டது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். குமரி மாவட்டத்தில் இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு என் தப்புகள் அப்படியே வர வாய்ப்பு இருக்கிறது. காரணம், தப்புகளில் பாதி என்னுடையவை, பாதி இந்த ஊர் வெப்பத்தினுடையவை.

வட்டம் வெட்டியது

நாகர்கோவிலில் ஒரு கண்ணாடிக் கடையில் 19 மி.மீ. துண்டு ஒன்று மிச்சமாகக் கிடந்தது. வட்டமாக வெட்டித் தரமுடியுமா என்று கேட்டால் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அவர்தான் மயிலாடிக்குப் போகச் சொன்னார். மயிலாடி சிலை செய்கிற ஊர் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே கல்பட்டறை நடத்தி ஓய்ந்த ஒரு அண்ணாச்சி, இரும்புக் குழாய் ஒன்றைத் துளைபோடும் எந்திரத்தில் மாட்டி, அடியில் 80 நம்பர் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் விட்டு, இரண்டு மணிநேரத்தில் வட்டத்தை எடுத்துவிட்டார். பல் இல்லாத குழாய் வெட்டாது, பொடிதான் வெட்டும். குழாய் அதைச் சுற்றி இழுத்துப் போகிறது, அவ்வளவுதான். ஆடி தேய்க்கும் வேலை முழுவதற்கும் இதுதான் அடிப்படை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கண்ணாடியைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “மொனைய மழுக்கலியா தம்பி?” பிறகு செய்துகொள்ளலாம் என்றேன். ஒன்றும் சொல்லாமல் சாணைக்கல்லை எடுத்து, தண்ணீர் தொட்டு, விளிம்பைச் சுற்றி 3 மி.மீ. அகலத்துக்குச் சாய்வாகத் தேய்த்துக் கொடுத்தார். இந்த மழுக்கலைப் பற்றி மறுபடி பேசவேண்டி வரும்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது ஒன்றுண்டு. டஃபன் கிளாஸ் என்று விற்கிற பதப்படுத்திய கண்ணாடி இந்த வேலைக்கு ஆகாது. உள்ளே இறுக்கம் இருக்கும். மேல்பரப்பைத் தேய்க்கத் தேய்க்க அந்த இறுக்கம் விடுபட்டு வடிவம் மாறும், உடையவும் செய்யும். வெள்ளைத் திரை காட்டும் கணினி மானிட்டருக்கு முன்னால் கண்ணாடியைப் பிடித்து, போலராய்டு கூலிங்கிளாஸ் வழியாகப் பார்த்தால் இறுக்கமுள்ள இடங்கள் திட்டுத்திட்டாகத் தெரியும். என் துண்டு சுத்தமாக இருந்தது.

கீழே வைக்கும் தேய்ப்புத் தட்டுக்கு இரண்டாவது கண்ணாடி வாங்கவில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வட்டம் வார்த்து, தண்ணீர் புகாதபடி பூசி, தரைக்குப் போடும் டைல்ஸை உடைத்து எபாக்ஸியால் ஒட்டினேன். கண்ணாடியைவிட டைல்ஸ் கடினம். துண்டுகளுக்கு இடையிலுள்ள சந்து, பொடியும் தண்ணீரும் ஓடுவதற்கு வாய்க்கால்.

பொடியைப் பற்றிப் பேசும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், “மணவாளக்குறிச்சி மணலே இருக்கே, எதுக்கு காசு கொடுத்து வாங்கணும்?” என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்தக் கடற்கரை மணலில் கார்னெட் என்கிற கடினமான கனிமம் உண்டு. உப்புத்தாள் செய்யவே கார்னெட்டைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அலை உருட்டிய மணி உருண்டையாக இருக்கும், அளவும் கலந்து இருக்கும். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் கார்னெட் 7 அல்லது 7.5. கார்போரண்டம் 9-க்கு மேல், அதோடு உடையும்போதெல்லாம் புதிய கூர்முனை காட்டும். மேலும் அந்த மணலில் மோனசைட் என்கிற கனிமமும் இருக்கிறது, அதில் கதிரியக்கமுள்ள தோரியம். அள்ளிக்கொண்டு வந்து வீட்டில் வைத்து அரைக்கிற பொருள் இல்லை, அள்ளுவதற்குச் சட்டமும் விடாது. சுவாரசியம் வேறொன்றில் இருக்கிறது. மோனசைட்டில் உள்ள அருமண் உலோகங்களில் அதிகம் இருப்பது சீரியம். ஆடியைக் கடைசியில் மெருகேற்றுவது சீரியம் ஆக்சைடு பொடியால். இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909-ல் கண்டுபிடித்தார். நான் சீரியம் பொடியை வடக்கேயிருந்து பார்சலில் வரவழைத்தேன்.

குழி விழுந்தது

முரட்டுத் தேய்ப்பு நடந்த விதம் சீக்கிரம் சொல்லிவிடலாம். ஒரு தண்ணீர் டிரம்மில் மணல் நிரப்பி, மேலே தட்டைப் பொருத்தி, ஆடியை அதன்மேல் குப்புற வைத்துத் தள்ளி இழுக்க வேண்டும். பத்துத் தடவை தள்ளியதும் ஆடியைக் கொஞ்சம் திருப்பி, டிரம்மைச் சுற்றி ஓர் அடி நகர வேண்டும். மேலே இருக்கும் கண்ணாடி வெளியே நீட்டும்போதெல்லாம் அழுத்தம் அதன் நடுவிலும் கீழ்த்தட்டின் விளிம்பிலும் விழுகிறது. அதனால் மேலே உள்ளது குழியும், கீழே உள்ளது புடைக்கும். திசை மாறி மாறித் தேய்ப்பதால் இரண்டும் எந்த நிலையிலும் ஒன்றோடொன்று ஒட்டவேண்டும். அப்படி ஒட்டக்கூடிய வளைபரப்பு கோளம் ஒன்றுதான். உங்களுக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் கண்ணாடிக்குத் தெரியும்.

எங்கள் அம்மை இரண்டு நாள் பார்த்துவிட்டு, “அம்மில அரைக்கச் சொன்னா முதுகு நோவுன்னு சொல்லுவ. இப்ப கண்ணாடிய போட்டு அரைக்கிய” என்றாள்.

குழி எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதற்கு ஆரத்தின் வர்க்கத்தை வளைவு ஆரத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். ஆடியின் ஆரம் 75, வளைவு ஆரம் குவியத் தொலைவைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 2,400. ஆழம் 1.17 மி.மீ. இதை அளக்க ஸ்பெரோமீட்டர் தேடவில்லை. பைக் மெக்கானிக்கிடம் டேப்பெட் கேஜ் இரவல் வாங்கி, ஆடியின் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, நடுவில் தகடுகளை அடுக்கிச் செருகிப் பார்த்தேன். 1.15 நுழைந்தது, 1.20 நுழையவில்லை. சரி, போதும். ஆடியை நனைத்து மதில்சுவரில் சூரியனைக் குவித்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய 1.2 மீட்டரில்தான் புள்ளி சிறுத்தது.

அப்புறம் 120, 220, 320, 500 என்று பொடியை நைஸாக்கிக்கொண்டே போய், அலுமினியம் ஆக்சைடு 15 மைக்ரான், 9 மைக்ரான். ஒவ்வொரு பொடியும் முந்தைய பொடி விட்ட குழிகளை அழிக்க வேண்டும். இவ்வளவு நேரம் தேய்த்தால் போதும் என்று எழுதி வைத்திருப்பதை நம்பாமல், லூப் என்கிற சின்ன உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பதே நல்லது. பெரிய குழி ஒன்று மிச்சம் இருந்தாலும் அடுத்த பொடிக்குப் போகக்கூடாது.

கீறல்

ஜூலை கடைசி. கணவாய்க் காற்று வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும்போல வீசுகிற காலம். முப்பந்தல் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றும். ஜன்னல்களை அடைத்து, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, 9 மைக்ரானில் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டத்தில் சத்தம் கிட்டத்தட்ட இருக்காது. பட்டுத்துணியைப் பட்டின்மேல் இழுப்பதுபோல ஒரு வழுக்கல் மட்டும். அண்ணாச்சி அன்றைக்கு வந்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே, “நிறுத்தும் தம்பி, நிறுத்தும்” என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு ஒரு ‘கிர்’ கேட்டிருக்கிறது.

எடுத்துக் கழுவிப் பார்த்தால், 3 செ.மீ. நீளத்துக்கு வளைந்த ஒரு கீறல்.

காற்றைத்தான் குற்றம் சொன்னேன். புழுதி உள்ளே வந்திருக்கும், வேறென்ன. அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “காத்துல வாற மண்ணு இவ்வளவு ஆழமாக் கீறாது. இது கண்ணாடியே கண்ணாடியக் கீறினது” என்று சொல்லி விளிம்பை விரலால் தடவினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. லூப் வைத்துப் பார்த்தேன்: விளிம்பில் அரிசிக் குருணையில் பாதி அளவுக்கு ஒரு செதில் பெயர்ந்திருந்தது. அவர் போட்டுக் கொடுத்த 3 மி.மீ. மழுக்கல், தேய்த்துத் தேய்த்து அந்தப் பக்கத்தில் அரை மி.மீ.கூட இல்லாமல் ஆகியிருந்தது. கூர்மையான விளிம்பு உதிர்ந்து, அந்தச் செதில் ஆடிக்கும் தட்டுக்கும் நடுவே உருண்டிருக்கிறது.

கண்ணாடிச் செதில் என்பது பொடியைவிட நூறு மடங்கு பெரியது. ஒன்றும் பூசி மெழுக முடியாது. மழுக்கலை மறுபடி போட்டு, 220 நம்பருக்குத் திரும்பினேன். இரண்டு வாரம் போச்சு. அந்த நாளுக்குப் பிறகு ஒவ்வொரு பொடி மாற்றும்போதும் முதலில் மழுக்கலை அளந்தேன், பிறகுதான் மற்றது.

அக்டோபர், நவம்பர் மழையில் எதையும் தொடவில்லை. தொடக்கூடாது என்று விதியில்லை, வேறு வேலை இருந்தது.

இரண்டு நியூட்டன்கள்

மெருகேற்றத் தேவையானது, தட்டின்மேல் ஊற்றி வாய்க்கால் வெட்டுகிற பிட்ச். கீல் போன்ற பொருள். சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல் நொறுங்கும், சும்மா வைத்தால் தேன்போல் மெதுவாக வழியும். இந்த இரட்டைக் குணம்தான் ஆடியின் வளைவோடு அதை ஒட்டவைக்கிறது. சீரியம் பொடி அதில் பதிந்து நின்று, உருளாமல், கண்ணாடியை மழித்துக்கொண்டே போகிறது.

தயார் பிட்ச் வாங்கலாம். நான் ரோசினில், அதாவது பைன் மரப் பிசினில், விளக்கெண்ணெயும் கொஞ்சம் தேன்மெழுகும் சேர்த்து உருக்கினேன். மெழுகுக்கு மார்த்தாண்டம் போனேன். தேன் வளர்ப்புக்கு அந்த ஊர் எவ்வளவு பழையது என்று சொல்ல வேண்டியதில்லை. மெழுகு விற்றவர் எதற்கு என்று கேட்டார். தொலைநோக்கி செய்ய, நியூட்டன் கண்டுபிடித்த வகை என்றேன். “நியூட்டன் பெட்டியா? இங்க எல்லாரும் வச்சிருக்கோமே” என்றார். நம் நாட்டுத் தேனீக்கு ஏற்றபடி பாதிரியார் நியூட்டன் என்பவர் நூறு வருஷத்துக்கு முன் வடிவமைத்த கூட்டுக்கு அந்தப் பெயர். 1668-ல் முதல் பிரதிபலிப்புத் தொலைநோக்கியைச் செய்த நியூட்டன் வேறு ஆள். விளக்கப்போனால் பஸ் போய்விடும் என்று அரைக் கிலோ மெழுகோடு கிளம்பிவிட்டேன்.

அந்த நியூட்டனின் ஆடி கண்ணாடி இல்லை. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். கேரளத்து ஆரன்முளை உலோகக் கண்ணாடியும் அந்தக் குடும்பம்தான். தொலைநோக்கி ஆடிக்குக் கண்ணாடியில் வெள்ளி பூசும் வழக்கம் வந்தது 1850-களில்தான்.

பிட்ச் பதமா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. கட்டைவிரல் நகத்தை மிதமாகப் பத்து விநாடி அழுத்தினால் லேசான தடம் விழவேண்டும். நான் அப்படித்தான் பார்த்தேன். தடம் விழுந்தது, மகிழ்ச்சி. எந்த வெப்பத்தில் என்பதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. மேல்நாட்டுக் கையேடுகள் இந்தச் சோதனையைச் சொல்லும்போது 20, 22 டிகிரி இருக்கும் அறையை மனதில் வைத்துச் சொல்கின்றன. நான் ஜனவரியில் ஒரு விடியற்காலையில் சோதித்தேன். மெருகேற்றத் தொடங்கியதோ மார்ச் மாதம், பிற்பகல் மூன்று மணிக்கு. அறையில் 31 டிகிரி.

மடிந்த விளிம்பு

ஏழு மணிநேர மெருகில் ஆடி பளபளத்துவிட்டது. லேசர் புள்ளியை ஆடியில் எங்கே அடித்தாலும் பரப்பில் வெளிச்சம் ஒட்டவில்லை. அன்று மாலையே சோதனைக்கு வைத்தேன்.

சோதனைக்கருவி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு எல்.ஈ.டி., முன்னால் சின்னப் பிளவு, பக்கத்தில் பாதி பிளேடு. இரண்டும் ஒரே சறுக்குப் பலகையில், நகர்வை அளக்க டயல் கேஜ். ஊசலை ஆடவிட்டு பூமி சுழல்வதைக் காட்டிய அதே லியோன் ஃபூக்கோ 1858-ல் கொடுத்த வழி. ஆடியை 2.4 மீட்டர் தள்ளி நிறுத்தி, அது திருப்பி அனுப்பும் ஒளி குவிகிற இடத்தில் பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். பரப்பு துல்லியமான கோளமாக இருந்தால் ஆடி முழுவதும் ஒரே சமயத்தில் சாம்பல் நிறத்துக்கு மங்கும். இல்லாவிட்டால், பக்கவாட்டு வெயிலில் மணல்மேடு தெரிவதுபோல மேடும் பள்ளமும் நிழலோடு தெரியும். தெரிகிற மேட்டின் உண்மை உயரம் மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு.

நான் பார்த்தது: நடுப்பகுதி பரவாயில்லை, வெளி விளிம்பு தட்டின் ஓரம்போலக் கீழே சரிந்திருந்தது. விளிம்பைச் சுற்றி வரவேண்டிய மெல்லிய ஒளிக்கோடு ஒரு பக்கத்தில் இருந்தது, மறு பக்கத்தில் இல்லை. இதை மடிந்த விளிம்பு என்பார்கள். புதிதாகத் தேய்க்கிறவர்களில் பலருக்கும் வருகிற நோய். அது போதாதென்று இடது ஓரத்தில் மட்டும் கூடுதலாக ஒரு சரிவு. அப்படியென்றால் ஆடி உருண்டையாக இல்லை, கோணல்.

அடுத்த மூன்று வாரம் நான் செய்ததை விவரமாக எழுத வெட்கமாக இருக்கிறது. தினமும் மாலை சோதனை, இரவே திருத்தம். தள்ளும் தூரத்தைக் குறைத்தேன், அழுத்தத்தைக் கூட்டினேன், பிட்ச்சின் ஓரத்தைச் செதுக்கினேன். ஒவ்வொரு நாளும் வேறு படம் தெரிந்தது. கடைசியில் 50 மி.மீ. ஆரத்தில் ஒரு வளையப் பள்ளமும் புதிதாகச் சேர்ந்துகொண்டது.

அண்ணாச்சிக்குப் ஃபோன் செய்தேன். வந்தவருக்குக் கருவியைக் காட்டி, எப்படிப் பார்ப்பது என்று சொன்னேன். கல்லில் கண் வைத்துப் பழகியவர், இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டார். பார்த்துவிட்டு, “கண்ணாடிய எப்ப கழுவின?” என்று கேட்டார். இருபது நிமிடம் இருக்கும் என்றேன். ஒன்றும் பேசாமல் எழுந்துபோய், ஆடியின் முகத்தில் கட்டைவிரலை வைத்துப் பத்து எண்ணினார். திரும்பி வந்து பிளேடு வழியாகப் பார்க்கச் சொன்னார்.

கட்டைவிரல் அளவுக்கு ஒரு மேடு எழுந்து நின்றது. குன்றுபோல, ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல். அது மெல்ல மெல்லத் தணிந்து மறைய நான்கைந்து நிமிடம் ஆனது. அவரும் நானும் மாறி மாறிப் பார்த்தோம். ஃபூக்கோ சோதனையைப் படித்தவர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிற விஷயம்தான் இது. நானும் படித்திருந்தேன். ஆனால் அதற்கும் என் மூன்று வாரத்துக்கும் தொடர்பு உண்டு என்று தோன்றவில்லை. கல்லு வெயிலில் காய்ந்தால் அளவு மாறும் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்த மனிதருக்குத் தோன்றியது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சாதாரணக் கண்ணாடி ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 9 பங்கு விரிகிறது. 19 மி.மீ. தடிமனுக்கு அது 0.17 மைக்ரான். ஆடி கோளத்திலிருந்து, நட்சத்திர ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கிற பரவளையமாக மாறுவதற்கு விளிம்பில் வேண்டிய மொத்த வித்தியாசமே 0.29 மைக்ரான்தான். அதாவது நடுவுக்கும் விளிம்புக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் போதும். நான் பார்ப்பது கண்ணாடியின் வடிவமா, சூட்டின் வடிவமா என்று சொல்லவே முடியாது. மெருகேற்றும்போது ஆடி சூடாகிறது. கழுவி நிறுத்தியதும் விளிம்பு முதலில் ஆறிச் சுருங்குகிறது, நடு சூடாகவே நிற்கிறது. பார்க்கிற கண்ணுக்கு விளிம்பு மடிந்ததுபோல இருக்கும். மறுநாள் விடியும்போது அந்த மடிப்பில் பாதி இருக்காது. இல்லாத நோய்க்கு நான் இரவெல்லாம் மருந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எது கண்ணாடியில், எது வெளியே

அதற்குப் பிறகு ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தோம்.

முதலில் இடது ஓரத்துக் கோணல். ஆடியைத் தாங்கியிலேயே கால் சுற்றுத் திருப்பி வைத்தேன். குறை கண்ணாடியில் இருந்தால் அதுவும் கூடவே திரும்பி மேலே போகவேண்டும். போகவில்லை, இடது பக்கத்திலேயே நின்றது. அப்படியானால் குற்றம் தாங்கியில். ஆடி கீழே விழுந்துவிடக் கூடாதென்று நான் ஸ்க்ரூ வைத்து இறுக்கியிருந்த மரக்கட்டை அதை நெரித்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றி, கீழே இரண்டு ஆணிமேல் சும்மா சாய்த்து வைத்ததும் கோணல் காணாமல் போனது. ஐந்து நிமிட வேலை. இதற்காக ஒரு வாரம் தேய்த்திருக்கிறேன்.

அடுத்து, சூடு. மாலையில் மெருகு முடித்து 20 நிமிடத்தில் ஒரு அளவு, மறுநாள் காலை ஐந்து மணிக்குத் தொடாமல் ஒரு அளவு. பரவளையமாக இருந்தால் நடுவுக்கும் வெளி வளையத்துக்கும் பிளேடு 1.0 மி.மீ. நகர வேண்டும், கோளமாக இருந்தால் நகரவே வேண்டாம். ஒரு வேடிக்கை: விளிம்புவரை கணக்கிட்டால் இந்த நகர்வும் 1.17 மி.மீ., குழியின் ஆழமும் 1.17 மி.மீ. பிளேடும் விளக்கும் சேர்ந்து நகரும் கருவியில் இரண்டுக்கும் ஒரே சூத்திரம். சரி, என் அளவுக்கு வருகிறேன். மாலையில் 1.1. காலையில் 0.4. மாலை அளவை நம்பியிருந்தால் ஆடி முடிந்தது என்று பார்சல் கட்டியிருப்பேன்.

இவை இரண்டையும் கழித்த பிறகும் காலையில் ஒரு மடிப்பு மிச்சம் இருந்தது. விளிம்பில் 6 மி.மீ. அகலம். ஆணி மாற்றினாலும், ஆறவிட்டாலும் போகவில்லை. அது நிஜம். காரணம் பிட்ச். 31 டிகிரியில் அது இளகி, வெட்டிவிட்ட வாய்க்கால்கள் இருபது நிமிடத்தில் மூடிக்கொண்டன. இளகிய பிட்ச் ஆடி வெளியே போய்த் திரும்பி வரும்போது விளிம்பில் மேலேறி அணைத்துக்கொள்ளும், அணைத்த இடத்தை மழித்துவிடும். வாய்க்கால் மூடுவதை நான் தினமும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், தினமும் கத்தியால் திறந்துவிட்டேன். ஏன் மூடுகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

விடியற்காலை

பிட்ச்சை உரித்து மறுபடி உருக்கி, ரோசின் கூட்டினேன், மெழுகைப் பாதியாக்கினேன். இந்தமுறை நகச் சோதனையை வேலை நடக்கப்போகிற வெப்பத்திலேயே செய்தேன்: காலை ஐந்து மணி, 26 டிகிரி, அதே அறை. தடம் விழப் பத்து விநாடி போதவில்லை, பதினைந்து ஆனது. சரி.

பிற்பகல் வேலையை அடியோடு நிறுத்தினேன். நான்கரைக்கு எழுந்து, ஆறரைக்குள் முடித்துவிடுவது. அளவு எடுப்பது மறுநாள் காலை, வேலைக்கு முன்னால் மட்டும். ஒரு நாளைக்கு ஒரு திருத்தம், ஒரு அளவு. மாலையில் கை அரித்தாலும் கருவிப் பக்கம் போவதில்லை. குமரியில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு. உள்நாட்டு ஊர்களில் இருக்கிறவர்களைவிட நம் ஆடி சீக்கிரம் அறையோடு ஒத்துப்போகும். நமக்குத் தொல்லை கொடுப்பது ஏற்ற இறக்கம் இல்லை, எப்போதும் உயரத்திலேயே நிற்கிற வெப்பம்.

ஐந்து விடியலில் வளையப் பள்ளம் போய்க் கோளம் வந்தது. மடிப்பு 6 மி.மீ.யிலிருந்து 2 மி.மீ.க்கு இறங்கியது. அதிலிருந்து பரவளையத்துக்குப் போக இரண்டே விடியல்: ஆங்கில டபிள்யூ எழுத்துபோல ஓரம்வரை அகலமாக வீசித் தள்ளி நடுவைக் கொஞ்சம் ஆழமாக்குவது. முதல் நாள் பத்து நிமிடம், இரண்டாம் நாள் ஆறு நிமிடம். அளவு 0.8. இன்னும் ஆறு நிமிடம் தேய்த்தால் 1.0 வரும் என்று கை சொன்னது. நிறுத்திவிட்டேன். இந்த அளவுள்ள ஆடியில், குவியத் தொலைவு விட்டத்தைப்போல் எட்டு மடங்கு என்றால், வெறும் கோளமே, ஒளி அலைநீளத்தில் கால் பங்கு என்கிற வழக்கமான பிழை எல்லைக்குள் கிட்டத்தட்ட வந்துவிடும். அதனால்தான் முதல் ஆடிக்கு எட்டு மடங்கு என்று சொல்கிறார்கள். 0.8 எனக்குத் தாராளம். ஐந்து மடங்கில் தேய்த்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

பூச்சு

பூசாத கண்ணாடி 4 சதவீதம் ஒளியைத்தான் திருப்பும். நிலாவுக்கு அதுவே போதும், மற்றதற்கு அலுமினியம் வேண்டும். வெற்றிடத்தில் ஆவியாக்கி, 0.1 மைக்ரான் அளவுக்குப் படியவைப்பது. வெளியூரில் ஒரு பூச்சுக் கூடத்துக்கு அனுப்பினேன். முதல் தடவை தண்ணீர் காய்ந்த தடம் ஒன்று பூச்சுக்கு அடியில் அப்படியே சிக்கி வந்தது. திருப்பி அனுப்பி, அவர்கள் கரைத்து மறுபடி பூசித் தர மூன்று வாரம். கடல்காற்று அலுமினியத்தை அரிக்கும் என்பதால் குழாயின் வாயை மூடாமல் ஒரு இரவும் விடுவதில்லை. குழாய், தாங்கி, சின்னச் சாய்வாடி இவையெல்லாம் வாங்கியதும் ஆசாரி செய்ததும். பிளைவுட் பெட்டியில் சும்மா சுழல்கிற டாப்சன் வகைத் தாங்கி. அதில் எழுத ஒன்றும் இல்லை.

மே இரண்டாவது வாரம், இரவு பத்து மணி. மேகம் விட்டு விட்டு வந்தது. 8 டிகிரி அட்சரேகையில் இருப்பதற்கு ஒரு லாபம் உண்டு. வடக்கே துருவ நட்சத்திரம் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாலும், தெற்கே தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். ஒமேகா சென்டாரி என்கிற நட்சத்திரக் கொத்து அடிவானத்திலிருந்து 34 டிகிரி ஏறும். டெல்லிக்காரர்களுக்கு அது 14 டிகிரியில், புகைக்குள். முதலில் ஆல்ஃபா சென்டாரியைப் பிடித்தேன். ஒரே நட்சத்திரமாகத் தெரிவது இரண்டாகப் பிரிந்து நின்றது. நடுவே கறுப்பு இடைவெளி சுத்தமாக. குவியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் நகர்த்திப் பார்த்தால் வளையங்கள் வட்டமாக இருந்தன. கோணல் இல்லை. ஆனால் குவியத்துக்கு உள்ளே பார்க்கும்போது வெளி வளையம் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது. அது அந்த 2 மி.மீ.

அதற்கு மறுநாள் கறுப்பு அட்டையில் 2 மி.மீ. அகல வளையம் ஒன்று வெட்டி ஆடியின் ஓரத்தில் ஒட்டினேன். ஒளியில் 5 சதவீதம் போகிறது, கலங்கல் போய்விட்டது.

அண்ணாச்சி அந்த வாரமே வந்து ஒமேகா சென்டாரியை நிறைய நேரம் பார்த்தார். பிறகு குழாயின் வாய் வழியாக டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்து, “அது என்ன கறுப்பா வளையம்?” என்றார். சொன்னேன். “சிலையில மூக்கு கொஞ்சம் போனா, நாங்களும் மஞ்சணையப் பூசித்தான் குடுப்போம்” என்று சொல்லிவிட்டு, மிச்சம் இருந்த ரோசினைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஆடிக்கு 200 மி.மீ. வட்டம் வெட்டித் தருகிறாராம். பிட்ச் மட்டும் அவர் உருக்குவாராம்.